மார்லிஸ் நிஜம்தான்

மார்லிஸ் கையுறையோடு போனைத் தொடுவாளா, கழற்றிவிட்டுத் தொடுவாளா என்று மாய் கேட்டபோது ரோலண்ட் மேபரி ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே, அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத் நகரத்தின் மேல் நவம்பரின் முதல் பெரிய பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பத்துப் பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போட்டுக்கிட்டுதான்," என்றான். "விரல் பிரியாத கம்பளிக் கையுறை. சிவப்பு."

பத்துப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த அலுவலகத்தில் மார்லிஸை நேரில் சந்தித்தவன் ரோலண்ட் ஒருவன்தான். அவனும் சந்தித்ததில்லை என்பதுதான் சங்கடம்.

நார்த்ஸ்கூப் என்பது அவர்கள் செய்துகொண்டிருந்த செயலியின் பெயர். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், வாசல் பாதையில் விழுந்த பனியை வாரிப்போட ஆள் வரும். அதை யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களிடம் போய்ப் பேசி, அவர்கள் கஷ்டம் என்ன என்று கேட்டுவருவது ரோலண்டின் வேலை. கேட்டுவந்த பிறகு, பன்னிரண்டு பேரையும் உரலில் போட்டு இடித்து ஒரே ஆளாக உருட்டி, அதற்குப் பேர் வைத்து, வயது வைத்து, படம் ஒட்டிச் சுவரில் மாட்ட வேண்டும். பெர்சோனா என்பார்கள். அதன் பிறகு யாரும் தனக்குப் பிடித்ததைச் செய்ய முடியாது. சுவரில் இருக்கிறவருக்குப் பிடித்ததைத்தான் செய்ய வேண்டும்.

ரோலண்ட் போகாமல் இல்லை. அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் கிளப்புக்குப் போனான். ஆட்டம் முடிந்து எல்லோரும் சூடாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்ஸும் வெண்ணெயும் போட்டுச் சுட்ட கேக் துண்டுகளை ஒரு தட்டில் வைத்துச் சுற்றிக் கொடுத்தார்கள். தட்டு தன்னிடம் வந்ததும் ரோலண்ட் இரண்டு எடுத்துக்கொண்டான். மேஜையில் இருந்தவர்கள் அவரவர் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் முதல் சுற்றில் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது சுற்றில் "ஐயோ, வேண்டாம்" என்றார்கள். மூன்றாவது சுற்றில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். மெதுவாகப் பசிக்கிற ஜனங்கள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் பீனிக்ஸ்காரன். பாலைவனத்தில் தட்டு ஒரு முறைதான் வரும்.

பிறகு ஒவ்வொருவரையும் கேட்டான். பனி வாருவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒருவர், மோசமில்லை என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவர், குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை என்றார். ஜோடி கங்காஸ் என்ற, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மாளுக்கு அந்த வசந்தத்தில்தான் முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அறுபது பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரலில் அவர் சொன்னார்: "நம்மளவிடக் கஷ்டப்படறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, தம்பி. அவங்களப் போய்க் கேளு."

ரோலண்டின் நோட்டில் பன்னிரண்டு வரி சேர்ந்தது. பன்னிரண்டும் ஒரே வரி. கஷ்டம் ஒன்றும் இல்லை.

கஷ்டமே இல்லாத ஒரு பெர்சோனாவைச் சுவரில் மாட்ட முடியாது. அப்படி மாட்டினால், இந்தச் செயலியும் வேண்டாம், அதற்கு ஆராய்ச்சி செய்ய ஒரு ஆளும் வேண்டாம் என்று ஆகிவிடும். இரண்டு வருடத்தில் ரோலண்டுக்கு இது மூன்றாவது வேலை. ஜனவரி நடுவில் ஆறு மாதத் தகுதிக் காலம் முடிகிறது. வேலை நிலைத்தால் டுலூத்தில் இருப்பது. இல்லாவிட்டால் என்ன என்பதை அவன் மனைவி நோரீன் வந்த அன்றே சொல்லிவிட்டாள். பெட்டியைப் பாதிதான் பிரித்து வைத்திருக்கிறேன், இதுவும் போனால் நான் மட்டும் பீனிக்ஸுக்குக் கிளம்பிவிடுவேன் என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று பார்க்க அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். பாதிதான் பிரித்திருந்தது.

அதனால் கிளப் வாசலில் காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டர் சூடாவதற்குள் அவன் மார்லிஸைப் பெற்றெடுத்தான். சுகப்பிரசவம். இருபது நிமிடம் ஆயிற்று.

மார்லிஸுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முதுகுவலி. தனியாக வாழ்கிறாள். பான்கேக் என்று ஒற்றைக்கண் பூனை. பொடி எழுத்து பிடிக்காது. பனி விழுந்ததும் முதலில் புல்தரையைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகுதான் வாசல் பாதைக்கு வருவாள். "எனக்காக யாரும் சிரமப்படக் கூடாது" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாசகம். படத்துக்கு, கீரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு அம்மாளை இணையத்தில் பிடித்தான். பின்னால் தெரிந்த தென்னங்கீற்றை வெட்டிவிட்டான்.

கூட்டத்தில் மார்லிஸை அவன் திரையில் காட்டினான். சிக்ரிட் ஹால்வர்சன்தான் அந்த அலுவலகத்தின் தலைவி. உயரமான பெண்மணி. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவள் புல்தரை வரியை இரண்டு முறை படித்தாள்.

"வித்தியாசமா இருக்கே," என்றாள்.

ரோலண்ட் அதைப் பாராட்டு என்று நோட்டில் குறித்துக்கொண்டான். படம் வரைகிற மாய் ஷியோங் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அவள் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

நிரல் எழுதுகிற கிப் ஒரு சந்தேகம் கேட்டான். இந்த மார்லிஸ் பன்னிரண்டு பேரின் கலவையா, இல்லை ஒரே ஆளா? கலவை என்றால் பன்னிரண்டு பேரின் குறிப்பையும் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். ரோலண்ட் நோட்டை மூடினான். ஒரே ஆள்தான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்றான்.

கூட்டம் கலைந்த பிறகு சிக்ரிட் ஒரு காபியோடு அவன் மேஜைக்கு வந்தாள். அவன் ஜன்னலை ஒட்டியிருந்த நல்ல மேஜையைச் சற்று நேரம் ரசித்தாள்.

"மார்லிஸ் நிஜமான ஆள்தானே, ரோலண்ட்? சும்மாதான் கேக்கறேன். இல்லேன்னாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல. இன்னொரு தடவ போய்ப் பேசிட்டு வரலாம், நேரம் இருக்கு."

"நிஜம்தான்," என்றான் ரோலண்ட்.

"நல்லது," என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மார்லிஸ் அந்த அலுவலகத்தில் குடியேறினாள். கூட்ட அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாக விட்டார்கள். முதுகுவலிக்காரி என்று யாரோ அதில் சிவப்புத் திண்டு ஒன்று வைத்தார்கள். கிப் எதையாவது சொன்னால், மாய் காலி நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவ ஏழு மணிக்கெல்லாம் சமையலறைக்குப் போயிடுவாப்பா, உன் செய்திய எட்டு மணிக்கு அனுப்பி என்ன பண்றது?" என்பாள். கிப் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பது போலத் தலையைச் சொறிவான். உயிருள்ளவர்கள் சொன்னால் விவாதம் நடக்கும். மார்லிஸ் சொன்னாள் என்றால் தீர்ந்தது.

கையுறை விஷயம் வந்த பிறகு பொத்தான்கள் பெருத்தன. கம்பளிக் கையுறையால் அழுத்தினாலும் பட வேண்டும் என்று மாய் வரைந்து வரைந்து, கடைசியில் ஒவ்வொன்றும் இட்லி அளவுக்கு வந்து நின்றது. ஒரு போன் திரையில் இரண்டு இட்லிதான் வைக்கலாம். ஆகவே செயலியில் இரண்டே பொத்தான்கள். ஒன்று "வேணும்." இன்னொன்று "வேண்டாம்." மிச்ச இடத்தில் ஒற்றைக்கண் பூனை வந்து வாலாட்டிவிட்டுப் போயிற்று.

ஒரு நாள் கிப், பனி வார வருகிற ஆட்கள் தங்களோடு நாயைக் கூட்டி வந்தால் மார்லிஸ் என்ன சொல்வாள் என்று கேட்டான். ரோலண்ட் வேறு ஏதோ யோசனையில், ஐயோ, அவளுக்கு ரோமம் ஆகாது, தும்மித் தும்மியே செத்துப்போவாள் என்றான்.

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

"அப்ப பான்கேக்?" என்றாள் மாய்.

"பூனை... அவ புருஷனோடது."

"தனியா இருக்கான்னு போட்டிருக்கியே?"

"புருஷன் போய்ச் சேந்துட்டாரு."

"எப்போ?"

பத்து வருடத்துக்கு முன்னால் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடம் என்றும் சொல்லியிருக்கலாம். வாய்க்கு என்ன கேடோ தெரியவில்லை. "போன வாரம்," என்றான் ரோலண்ட்.

கிப் தொப்பியைக் கழற்றினான். மாய் சிவப்புத் திண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பெயர் என்ன என்று யாரோ தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஹார்லன் என்றான் ரோலண்ட். அந்தப் பெயரும் அந்த நிமிடம்தான் பிறந்தது. பிறந்தவுடனே இறந்தும் போயிற்று.

மறுநாள் காலை ரோலண்டின் மேஜையில் ஒரு இரங்கல் அட்டை இருந்தது. இருபத்திரண்டு கையெழுத்து. அலுவலகக் குளிர்பெட்டியில் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். கொத்துக்கறி, பீன்ஸ், காளான் சூப் எல்லாவற்றையும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அணிவகுத்து நிறுத்திச் சுட்டது. துக்க வீட்டுக்கு அதைத்தான் கொடுப்பது அங்கே வழக்கம். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத் தாளில் "ஹால்வர்சன்" என்று பேனாவால் எழுதியிருந்தது. சிக்ரிட்டின் கைச் சமையல். ரோலண்ட் அதை மார்லிஸிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.

அவனும் நோரீனும் அதை நான்கு நாள் சாப்பிட்டார்கள். முதல் நாள் யார் செத்தது என்று நோரீன் கேட்டாள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றான். நான்காவது நாள் இதை எப்படிச் செய்வது என்று கேட்டு வா என்றாள்.

சாப்பிட்டது பிரச்சினை இல்லை. பாத்திரம்தான் பிரச்சினை. பெயர் ஒட்டிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று மாய் அவனுக்கு நினைவூட்டினாள். மார்லிஸ் மாதிரி ஒருத்தி அதை வெறுமனே அனுப்ப மாட்டாள் என்றும் சொன்னாள். ரோலண்ட் கடையில் இஞ்சி பிஸ்கட் வாங்கிப் பாத்திரத்தில் அடுக்கி, இடது கையால் ஒரு நன்றிக் கடிதமும் எழுதி வைத்தான்.

சிக்ரிட் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். பிறகு திருப்பிப் பார்த்தாள். அடியில் கடைப் பொட்டலத்தின் "பாதி விலை" என்ற மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதைப் பதமாக உரித்து, நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வித்தியாசமா இருக்கே," என்றாள்.

"அவங்க பாட்டி காலத்துப் பக்குவம்," என்றான் ரோலண்ட்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மார்லிஸ்னு ஒருத்தங்க நிஜமாவே இருக்காங்கதானே? ஏதாச்சும் சொல்லணும்னு தோணிச்சுன்னா இப்பக்கூட சொல்லலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நிஜம்தான்."

"சரி," என்று மிச்ச பிஸ்கட்டையும் சாப்பிட்டு முடித்தாள். அங்கே உணவை வீணாக்க மாட்டார்கள்.

டிசம்பரில் அந்தச் செய்தி வந்தது. நிறுவனத்தில் பணம் போட யோசிக்கும் இருவர் வியாழக்கிழமை மினியாப்பொலிஸிலிருந்து வருகிறார்கள். மார்லிஸைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவளைப் பார்க்காமல் போக மாட்டார்களாம்.

அவளுக்கு முதுகு ரொம்ப மோசம், வெளியே வர முடியாது என்றான் ரோலண்ட். அதற்கென்ன, எல்லோரும் அவள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள் சிக்ரிட். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான் ரோலண்ட்.

"வெளியவா?" என்றாள் மாய். ஊரை ஒட்டிய ஏரியின் ஓரம் உறைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முந்தின இரவு குளிரில் இறுகிப்போன கிப்பின் கார்க் கதவின் பிடி கையோடு வந்துவிட்டது.

"வெளியதான்," என்றான் ரோலண்ட், பிறகு அவசரமாக, "முதுகுக்கு இப்ப பரவால்ல. இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்," என்றான்.

அன்று மாலை அவன் கார் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்கம்பியைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது சிக்ரிட் பக்கத்தில் வந்து நின்றாள். ஏரியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரோலண்ட், மார்லிஸ் நிஜம்தானே?"

இந்தத் தடவை வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. உண்மை அவன் தொண்டை வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் நோரீனின் பாதி பிரித்த பெட்டி குறுக்கே கிடந்தது.

"நிஜம்தான்," என்றான்.

சிக்ரிட் தலையாட்டினாள், கணக்குப் பாடத்தில் விடைக்குக் கீழே கோடு போடுவது போல. "பாத்து ஓட்டுங்க. மேட்டுல வழுக்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு பேரில் அவனுக்கு முகம் நினைவிருந்தது ஜோடி கங்காஸ் ஒருவரைத்தான். வயதும் ஐம்பத்தொன்பது, கிட்டத்தட்டப் பொருந்தியது. பஸ் நிறுத்தும் கொட்டகைக்குப் போய், நடந்ததை ஒப்புக்கொண்டு, ஒரே ஒரு மணி நேரம் மார்லிஸாக இருக்க முடியுமா என்று கேட்டான்.

நானா, என்னால் முடியாது, வேறு யாரையாவது பார் என்றார் ஜோடி. ரோலண்ட் மறுபடி கேட்டான். என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். ரோலண்ட் குளிரில் மூக்கொழுக நின்று மூன்றாவது தடவையும் கெஞ்சினான்.

"சரி, எத்தன மணிக்கு?" என்றார் ஜோடி.

கெஞ்சினால் காரியம் நடக்கும் என்று மட்டும் ரோலண்ட் தெரிந்துகொண்டான்.

ஜோடி பஸ் படியில் உட்கார்ந்து பெர்சோனாத் தாளைப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"பூனையா? எனக்கு நாய்தான் பிடிக்கும். கீரையப் பாத்து யாரு தம்பி இப்படிச் சிரிப்பா? அதுசரி, என்னது இது, புல்தரையில பனி வாருறாளா? இவளுக்கு மூள கீள பிசகிடுச்சா?"

"ஏன், வார மாட்டாங்களா?"

"புல்லுக்கு எதுக்குய்யா வாரணும்? அது பாட்டுக்கு ஏப்ரல் வரைக்கும் கெடக்கும். இத ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?"

"இல்லையே. வித்தியாசமா இருக்குன்னு பாராட்டினாங்க."

ஜோடி அவனைச் சிறிது நேரம் பார்த்தார். பஸ்ஸின் கடைசி வரிசையில் இறங்காமல் விட்டுப்போன பிள்ளையைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு பையிலிருந்து ஒரு சூயிங்கம் எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே பனி. மினியாப்பொலிஸ்காரர்கள் இருவரும் மெல்லிய தோல் ஷூவில் வந்திறங்கிக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஜோடி சிவப்புக் கையுறையோடு உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே, ஒரு மாதமாகக் காலியாக இருந்த நாற்காலியில் சிவப்புத் திண்டின் மேல் உட்கார்ந்தார். மாய் மூக்கை உறிஞ்சினாள்.

வந்தவர்களில் ஒருவர் சுவரில் இருந்த படத்தையும் ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் வேறு மாதிரி இருக்கிறீர்களே என்றார்.

"அது ஹார்லன் இருந்தப்ப எடுத்தது," என்றார் ஜோடி.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர் எப்படிப் போனார் என்று இன்னொருவர் தயங்கிக் கேட்டார். இது தாளில் இல்லாத கேள்வி.

"வாசல்ல பனி வாரிக்கிட்டிருந்தாரு. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாரு. மண்வாரி நின்னது நின்னபடி நிக்குது, அவரு மட்டும் இல்ல."

மினியாப்பொலிஸ்காரர்கள் இருவரும் அதை எழுதிக்கொண்டார்கள். மறந்துபோய் ரோலண்டும் எழுதிக்கொண்டான்.

பிறகு ஜோடியின் கையில் போனைக் கொடுத்தார்கள். கையுறையோடு "வேணும்" என்ற இட்லியை அழுத்தினார். பூனை வாலாட்டியது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"மோசமில்ல," என்றார் ஜோடி.

அந்த ஊர் அளவுக்கு அது கரகோஷம். மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருவர் நாற்காலியை விட்டுச் சற்று எழுந்தே விட்டார். வேலை நிலைத்தது என்று ரோலண்ட் தனக்குள் சொல்லிக்கொண்டான். இன்று வீட்டுக்குப் போனதும் நோரீனின் பெட்டியைத் தானே முழுவதும் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

சிக்ரிட் அவனிடம், நீங்கள் போய்க் காரைச் சூடாக்குங்கள், மார்லிஸ் ஒரு காபி குடித்துவிட்டு வரட்டும் என்றாள்.

அவன் கீழே இறங்கிக் கண்ணாடியைச் சுரண்டி முடித்த நேரத்தில், நகராட்சியின் பனி தள்ளும் வண்டி தெருவோடு உறுமிக்கொண்டு போயிற்று. தெருவில் இருந்த பனியை எல்லாம் ஓரமாக ஒதுக்கி, அலுவலக வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. பஞ்சு மாதிரி விழுகிற பனி இல்லை அது. இடித்துக் கெட்டித்த பனி. சிமெண்டுக்குத் தம்பி. கார் அதைத் தாண்டாது. ரோலண்ட் மண்வாரி தேடி மேலே ஓடினான். பனி வாரும் நிறுவனத்தில் ஒரு மண்வாரிகூட இல்லை. கண்ணாடி சுரண்டும் பிளாஸ்டிக் தகட்டை வைத்துக்கொண்டு வரப்பை இருபத்தைந்து நிமிடம் கொத்தினான். தகடு உடைந்தது.

ஜோடி ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தார். வரப்பின் இடது ஓரத்தை பூட்ஸ் காலால் நாலு உதை விட்டுப் பிளந்து, "இப்ப எடு வண்டிய," என்றார்.

கார் மேட்டில் ஊர்ந்தது. ரோலண்டுக்குச் சீட்டி அடிக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்றார் ஜோடி.

சும்மா சொல்லுங்கள் என்றான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஜோடி ஜன்னலைத் துடைத்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, பேச்சு வேண்டுமே என்று அவன் மறுபடி கேட்டான்.

"சரி, இவ்வளவு கேக்கற, சொல்றேன்," என்றார் ஜோடி. "இந்தச் செயலியில என்ன குறைன்னு சிக்ரிட் கேட்டா. ஒண்ணுமில்லேன்னேன். மறுபடி கேட்டா. ஒண்ணுமில்லேன்னேன். மூணாவது தடவையும் கேட்டா. அப்பறம் வரப்பப் பத்திச் சொன்னேன்."

"வரப்பா?"

"இப்ப கொத்திக்கிட்டிருந்தியே, அது. வாசல்ல விழற பனிய நானே தள்ளிடுவேன், அது என்ன, எல பெருக்கற மாதிரி. உங்க ஆளுங்க பனி நின்ன உடனே வந்து அத வாரிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்பறம்தான தம்பி நகராட்சி வண்டி வரும். வாசலுக்குக் குறுக்க அது போட்டுட்டுப் போற வரப்ப யாரு எடுக்கறது? காலைல அஞ்சு மணிக்கு நான் பஸ் எடுக்கணும். என் முட்டி போனதே அதுலதான். அன்னைக்கு கிளப்ல இருந்தாங்களே, அத்தன பேருக்கும் அதேதான்."

ரோலண்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்ற கார்கள் பொறுமையாகக் காத்திருந்தன. அங்கே யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

"இத அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஒரு தடவதான கேட்ட."

அவன் வண்டியை நகர்த்தினான். ஜோடி மடியிலிருந்த பொட்டலத்தை நீவிக்கொண்டே தொடர்ந்தார்.

"அப்பறம், நீங்க மார்லிஸ்தானேன்னு கேட்டா. ஆமான்னேன். இன்னொரு தடவ கேட்டா. ஆமான்னேன்."

"மூணாவது தடவ?"

"மூணாவது தடவையும் ஒருத்தி கேட்டா எப்படித் தம்பி பொய் சொல்றது? நான் லூத்தரன் சர்ச்சுக்காரி."

கார் கொஞ்சம் வழுக்கி, நேராயிற்று. சிக்ரிட் கோபித்துக்கொண்டாளா என்று ரோலண்ட் கேட்டான்.

"சேச்சே. நல்ல பொண்ணு. மினியாப்பொலிஸ்காரங்களக் கூப்பிட்டு அப்பவே உள்ளதச் சொல்லிட்டா. அவங்களுக்கு வரப்பு விஷயம் ரொம்பப் புடிச்சிருச்சு. எனக்கு ஒரு வேலை குடுத்தா. காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவுல ஊர்க்காரங்ககிட்டப் பேசிட்டு வரணுமாம். நான் வேண்டாம்னேன். ரெண்டு தடவ."

ரோலண்டுக்கு இப்போது எண்ணத் தெரிந்திருந்தது.

"அது என் வேலை," என்றான்.

"ஆமாமா. ஜன்னல் பக்கத்து மேஜைன்னு சொன்னா. வெளிச்சம் நல்லா வருமாமே."

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவன் கண் முன்னால் ஒரு பெட்டி மெல்ல மூடிக்கொண்டது. நான் சொல்லத்தான் இருந்தேன் என்றான். பார்க்கிங்கில் அன்றைக்கு வாய் வரைக்கும் வந்தது என்றான். "அவங்க இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா நான் உண்மையச் சொல்லியிருப்பேன்."

ஜோடி பொட்டலத்தைப் பிரித்து, சிக்ரிட் கொடுத்தனுப்பிய கேக் துண்டில் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"உன்னையும்தான் மூணு தடவ கேட்டுட்டாளாமே, நாலாவது தடவ கேக்கறது எங்க ஊர்ல மரியாதை இல்ல, தம்பி."